நிலைக்கு அடியில் கிடந்த ரூபாய்

நான் அவனை அறைந்தபோது தராசு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில். இழுத்து எடுத்து வைத்து எடை பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அறைவதற்கு அதுகூட ஆகவில்லை.

எனக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். அருப்புக்கோட்டையில் பம்புசெட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராதவன் மண்ணைத் திட்டமாட்டான், மோட்டாரைத் திட்டிக்கொண்டு என் கடைக்கு வருவான். வந்தவன் சும்மா போனதில்லை. காரியாபட்டியிலிருந்து வந்த ஒருவரைச் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளியிருக்கிறேன். குழாயைத் தப்பாக அறுத்த கடைப் பையன் மீது அந்தக் குழாயையே எறிந்திருக்கிறேன். "உங்களுக்குக் கடையப் பாக்க ஆளு வேணாம், கையப் பிடிச்சுக்கத்தான் ஆளு வேணும்" என்பாள் என் மனைவி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கோபத்தை மீசை மாதிரி முறுக்கி வளர்த்த ஆள் நான்.

இப்படிப்பட்டவனுக்குப் பழைய காசு மேல் ஆசை வந்தது. அதிலும் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இணையத்தில் நடக்கும் ஏலங்களில் வாங்கத் தொடங்கினேன். பார்க்கிறவர்களுக்கு அது ஓர் ஆள் செல்போனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். உள்ளே நடப்பது வெட்டுக்குத்து. கடைசிப் பத்து விநாடியில் எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவன் விலையை ஏற்றுவான். நான் அதற்கு மேல் ஏற்றுவேன். அவன் குரல்வளை என் கையில் கிடைத்திருந்தால் நெரித்திருப்பேன். ஓர் ஏலத்தில் உதட்டைக் கடித்துச் சட்டையில் ரத்தம் சொட்டியதே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அப்படி ரத்தம் சொட்ட ஜெயித்த ரூபாய்தான் என்னை முதலில் ஏமாற்றியது. விற்றவர் பெருநகரத்து ஆள். வழவழப்பான காகிதத்தில் ஆங்கிலப் பட்டியல் அச்சடித்து அனுப்புகிறவர். படத்தில் இருந்தது ஒரு காசு, பார்சலில் வந்தது வேறு காசு. எடை போட்டால் இருக்க வேண்டியதைவிட இரண்டு கிராம் குறைவு. அவருக்கு "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்து மூன்று மின்னஞ்சல் எழுதினேன். விற்றது விற்றதுதான் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்றைக்குக் காசை இரும்புக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். வெள்ளிப்பூச்சு உரிந்து உள்ளே பித்தளை தெரிந்த பிறகும் அடித்தேன். தகடாகி, கிழிந்து, சுத்தியல் முகத்தில் ஒட்டிக்கொள்ளும் வரை அடித்தேன்.

அந்த வெறியில்தான் எங்கள் பக்கத்துக் காசுக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். இனி எவனும் ஏமாறக் கூடாது. இரண்டு முகமும் விளிம்பும் தெரியப் படம் கேள். எடையைக் கேள். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் வாங்கு. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடு. புளியோ திருநீறோ போட்டுக் காசைத் தேய்க்காதே. உன் பழைய காசுக்கு லட்சம் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டு என்பவனை ஓட ஓட விரட்டு. இதையெல்லாம் வாரம் ஒருமுறை எழுதுவேன், திட்டும் சேர்த்து. குழுவின் பெயருக்குக் கீழே, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று போட்டிருந்தேன். அதைப் போட்ட கைதான் அறைந்தது.

அவன் அந்தக் குழுவில் இருந்தான். பரளச்சிப் பக்கத்து ஊர். அப்பா, தாத்தா எல்லாம் கூலி வேலை பார்த்தவர்கள். இவன் சின்ன லோடு வண்டி ஓட்டினான். நரிக்குடிப் பக்கம் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரியை அருப்புக்கோட்டைக்கு ஏற்றி வருவான். குழுவில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. நான் எழுதியதை மட்டும் ஒன்று விடாமல் படித்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் கரியை இறக்கிவிட்டு நேரே கடைக்கு வந்தான். வெளிநாட்டில் டிரைவர் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். பாஸ்போர்ட் வந்துவிட்டது, அடுத்த வாரம் மதுரையில் உடம்புப் பரிசோதனை, அது முடிந்தால் விசா. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீட்டுக்கு அடித்தளம் போட்டாகிவிட்டது, மேலே எழுப்ப அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருப்பதாகச் சொன்னான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே ராணி ரூபாய்.

"பழைய வீட்டு நெலைக்கு அடியில கெடந்துச்சு அண்ணாச்சி. தேய்க்கல, கழுவல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றான்.

வீடு கட்டும்போது வாசல் நிலை நிறுத்துகிற அன்று அதன் அடியில் நவதானியமும் காசும் போடுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் போலிக் காசு விற்கிறவன் ஒவ்வொருவனிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். புதையல் பானை, இடிந்த கோயில், பாட்டியின் சுருக்குப் பை. கதை நன்றாக இருந்தால் காசு மோசமாக இருக்கும் என்று நானே குழுவில் எழுதியிருக்கிறேன். காசை எடுத்துக் கட்டைவிரலில் வைத்துச் சுண்டினேன். மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம் எங்களுடையது. வெள்ளி ரூபாயைச் சுண்டினால் மணி மாதிரி நின்று பாட வேண்டும் என்று என் அப்பா சொல்வார். இது பாடவில்லை. ஓட்டுச்சில்லைத் தட்டியதுபோல டொக்கென்று விழுந்தது. மறுபடியும் சுண்டினேன். அதே டொக்கு.

எனக்குள் அந்தப் பித்தளைத் தகடு மறுபடியும் கிழிந்தது.

"செத்த காசக் கொண்டாந்து எங்கிட்டயே நீட்டுறியா?" என்றேன். "ஏலே, கூலிக்காரன் வீட்டு நெலைக்கு அடியில ராணி ரூபா வந்துச்சாக்கும்?"

அவன் சத்தம் போடவில்லை. "கூலிக்காரன் வீட்டுக்கும் வாசல் உண்டு அண்ணாச்சி" என்றான்.

அந்தப் பதிலுக்குத்தான் அறைந்தேன். காசுக்கு அல்ல. இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல நாள் ஆனது. விரித்த கையால், முழு பலத்தோடு, இடது காதோடு சேர்த்து. ஸ்டூலோடு சாய்ந்து குழாய் அடுக்கில் விழுந்தான். குழாய்கள் சரிந்து அவன் முதுகின் மேல் உருண்டன. எழுந்தபோது காதிலிருந்து ரத்தம் மெலிதாகக் கழுத்துக்கு இறங்கியது. அப்போதும் என் கை அடங்கவில்லை, மறுபடி ஓங்கினேன். அவன் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். மூட்டை தூக்கிப் பழகிய கை. எனக்கு மூச்சு நின்றது, கண் இருட்டியது. அவன் நினைத்திருந்தால் அன்றே என் கதை முடிந்திருக்கும்.

பிடியை அவனே விட்டான். "பாஸ்போர்ட்டு வந்துருச்சு. கேசு கீசு ஆகக் கூடாதுன்னு விடுறேன்" என்று சொல்லிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வண்டிக்குப் போனான். காசை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் என் கழுத்தில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன.

மறுநாள் அவன் மனைவி வந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த பித்தளை வால்வைத் தூக்கி நான் காசுகள் அடுக்கி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியில் எறிந்தாள். கண்ணாடி என் நெற்றியில் தெறித்தது. நான் அவள் மேல் பாயப் போக, பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். காறித் துப்பிவிட்டுப் போனாள். போலிக் காசு விற்கிறவன் பெண்டாட்டி வேறு எப்படி இருப்பாள் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். நெற்றியில் மூன்று தையல் போட்டார்கள்.

அந்தத் தையலோடு, பத்து நாள் கழித்து, காசை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே பழைய காசு விற்கிற ஓர் அம்மா இருக்கிறார். என் வயதுதான் இருக்கும். விற்ற காசு ஒவ்வொன்றுக்கும் எடை, விவரம், திருப்பி எடுக்கும் கெடு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். சந்தேகமான காசை லாபத்துக்கும் விற்கமாட்டார். அவர் வாயால் போலி என்று சொல்லவைத்து, படத்தோடு அவன் பெயரைக் குழுவில் போட்டு நாறடிக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

அவர் காசைச் சுண்டவில்லை. எடை போட்டார், சரியாக இருந்தது. நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கவிட்டு மறுபடி எடை பார்த்து ஒரு கணக்குப் போட்டார். வெள்ளிதான் என்றார். பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தவர், ஓரிடத்தில் நிறுத்தி என்னையும் பார்க்கச் சொன்னார். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் உள்ளே ஓடியிருந்தது. விரிசலுக்குள் சுண்ணாம்பு.

"ரொம்ப வருஷம் ஏதோ பெரிய பாரத்துக்கு அடியில இருந்திருக்கு. உள்ளுக்குள்ள விட்டுப்போச்சு. இது தட்டுனா சத்தம் வராது. ஆனா நல்ல காசு" என்றார். யாரிடம் வாங்கினேன் என்று கேட்டார். நான் காசைக் காகிதத்தில் மடித்தேன். "தேய்க்காம அப்படியே குடுத்திருக்காரு. நம்பிக்கையான ஆளு, விட்டுறாதீங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். நிஜமாகவே ஏமாற்றியவருக்கு நான் மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொன்னவன் காதைக் கிழித்திருக்கிறேன். பெருநகரத்து ஆள் என் கடைக்கு நேரிலேயே வந்திருந்தாலும் அவர் மீது என் கை எழுந்திருக்காது. ஸ்டூலை நகர்த்திப் போட்டுக் காபி வாங்கிவரச் சொல்லியிருப்பேன். என் கோபம் ஆள் பார்த்துத்தான் வந்திருக்கிறது. நம்பகமான ஆளைத் தேடி வாங்குங்கள் என்று நான் வாராவாரம் எழுதியதைப் படித்துவிட்டு, நம்பகமான ஆள் என்று அவன் தேடி வந்தது என்னைத்தான்.

அருப்புக்கோட்டையில் வீட்டுக்குப் போகாமல் பரளச்சிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. இடுப்பளவு எழும்பிய அடித்தளம். புது வாசல் நிலை வேப்ப மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்த்து ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு வலப்புறம் விறகு வெட்டும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இடப்புறமாகப் போய் "தம்பி" என்றேன். திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய் மறுபடி கூப்பிட்டேன். அசையவில்லை. வீடு தேடி வந்தவனை மதிக்கவில்லையே என்று எனக்குச் சுரீரென்று ஏறியது. விரல்கள் தாமாக மடங்கின. அப்போதுதான் அந்தக் காதில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்தேன்.

விறகு வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி அரிவாளோடு எழுந்து வந்தாள். வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும் என்று நின்றேன், பொய் சொல்லவில்லை. அவளைப் பார்த்துத்தான் அவன் திரும்பினான். அவளை அங்கேயே நிற்கச் சொன்னான். பரிசோதனையில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று எழுதிவிட்டார்கள், அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள் என்று அவள்தான் சொன்னாள். அரிவாளைக் கீழே போடாமலே சொன்னாள்.

காசை நீட்டினேன். அது நல்ல காசு, நான் செய்தது தப்பு என்றேன். வைத்தியச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன், காசை நானே வாங்கிக்கொள்கிறேன், விலையை நீயே சொல் என்றேன். அவன் விலை சொல்லவில்லை. காசை வாங்கி வலது காதுக்குப் பக்கத்தில் பிடித்து நகத்தால் சுண்டினான். டொக். பிறகு இடது காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, அந்தக் காதோடு ஒட்டி வைத்துச் சுண்டினான். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்தபடியே இருந்தான்.

"இந்தக் காதுக்கு இனி எல்லாக் காசும் செத்த காசுதான் அண்ணாச்சி" என்றான்.

காசை மனைவியிடம் கொடுத்தான். நிலை நிறுத்துகிற அன்று அடியில் போட வேண்டும், பத்திரமாக வை என்றான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடியும் விறகு வெட்டப் போனாள்.