என் கையுறைக்கு அடியில் போன பந்து

மலேசியாவின் ஈப்போவில் நான் படித்த கல்லூரியின் பெண்கள் சாஃப்ட்பால் அணியில் நான்தான் கேட்சர். முகமூடி மாட்டிக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, பிட்சர் வீசுவதைப் பிடிக்கிறவள். எழுபதுகளின் கடைசி. இரண்டு வருடமாக அணியில் ஒரே தமிழ்ப்பெண் நான். அதில் எனக்கு ஏகப்பட்ட மிதப்பு.

பிறகு சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருத்தி அணியில் இடம் கேட்டுப் பயிற்சிக்கு வந்தாள். முதலாமாண்டு. எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, அண்ணனுடைய பழைய கால்சட்டை. கையைக் கீழாகச் சுழற்றி அவள் வீசிய முதல் பந்திலேயே கையுறைக்குள் என் உள்ளங்கை எரிந்தது. எங்கள் பயிற்சியாளர், ஒரு சீன அம்மா, அன்றைக்கு முழுவதும் என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

அணியில் இருப்பவர்களுக்குத்தான் விடுதியில் கட்டில். அந்தக் கட்டில் அவளுக்கு வேண்டியிருந்தது.

“தெனம் பஸ்சுல போயிட்டு வர்றது இனிமே முடியாதுன்னுட்டாரு அப்பா. ஹாஸ்டல் கெடைக்கலன்னா படிப்ப நிப்பாட்டிட்டு ரப்பர் மரம் சீவத்தான் போவணும்க்கா.”

இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நான் தமிழச்சியாம், புரிந்துகொள்வேனாம்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு முந்தின வாரம், தண்ணீர்க் குழாயடியில் அணி முழுக்க நிற்கும்போது வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: “அக்கா, ஒங்க அப்பாவும் எங்க தோட்டந்தானாமே! எங்கப்பாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நெரையில மரம் சீவுனாங்களாம்லா!”

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று மலாயில் வேறு ஒருமுறை சொன்னாள். அப்பா ஈப்போவிலேயே பிறந்த அரசாங்கக் குமாஸ்தா என்றுதான் நான் சொல்லிவைத்திருந்தேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

தேர்வு நாளில் அவள் அருமையாக வீசினாள். மட்டைக்காரி அடிக்கத் தவறிய நல்ல பந்து ஸ்டிரைக்; மூன்று விழுந்தால் அவள் அவுட். ஆனால் அந்த மூன்றாவதைக் கேட்சர் தவறவிட்டால் மட்டைக்காரி அவுட்டாகாமல் முதல் பேஸுக்கு ஓடிவிடலாம். நான் தவறவிட்டேன். நேராக வந்த பந்துதான். கையுறையை இரண்டு விரற்கடை தூக்கினேன், அடியில் புகுந்து வேலிவரை உருண்டது. அப்படி மூன்று பேரை ஓடவிட்டேன். முகமூடி போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

பயிற்சியாளர் தள்ளி, முதல் பேஸ் அருகே நின்றிருந்தார். பிட்சர் எப்படி என்று அவர் எப்போதும் கேட்சரிடம்தான் கேட்பார். அன்றும் கேட்டார். வேகம் இருக்கிறது, ஆனால் பந்து எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது, போட்டியில் நம்ப முடியாது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே தாளில் அவள் பெயரைக் கோடிட்டு அடித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள். அழுதிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ரொம்பச் செவந்துபோச்சுக்கா. நான்தான் பதட்டத்துல கண்டபடி போட்டுட்டேன். ஒங்களால பிடிக்க முடியல. மன்னிச்சிருங்கக்கா.”

பயிற்சியாளர் பத்தடி தூரத்தில்தான் பைக்குள் பந்துகளைப் போட்டுக்கொண்டிருந்தார். பெயரடித்த தாள் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“பரவால்ல,” என்றேன். “அடுத்த தடவ மெதுவா போடு.”

“சரிக்கா,” என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.