மீன்காரரின் பிள்ளைகளுக்குப் போட்ட பாய்

கல்முனையிலிருந்து எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு மீன் கொண்டு வருகிறவர் அவர். பேர் தெரியாது, மீன்காரர் என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த ஆள். முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருக்கும். அந்த வாரம் மீனை நிறுக்கும்போதெல்லாம் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன் படத்தில் கடல்மேல் வெள்ளையாக ஒரு புயல் சுழி. அம்மாவிடம் காட்டினார்.

"எங்கட கரைக்குத்தான் வருது அக்கா. வீடு கடலோடதான் கிடக்கு."

"புள்ளைகள இங்க கொண்டாந்து விடுங்க தம்பி. கடலு மலைமேல ஏறியா வரப்போகுது?"

"உங்களுக்கே அந்த லயத்து ஒரு அறையில இடமில்லயே."

"நாங்க சுருண்டு படுத்துக்கிறோம். மீன மட்டும் சும்மா குடுத்துருங்க."

அவர் சிரித்தார். "நாளைக்குக் கூட்டி வாறன்."

மறுநாள் மழையில் பாதை உடைந்துவிட்டது. போனும் வேலை செய்யவில்லை. நான் பதுளையில் கடை வேலையில் இருந்தேன். மலை சரியும் என்று லயத்து ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் தங்கப் போனபோது அம்மா பாயை விரித்து வைத்துக்கொண்டு போகமாட்டேன் என்றாராம்.

"அந்தப் புள்ளைக வந்தா கதவு பூட்டிக் கெடக்குமே."

அன்று மலை சரிந்தது. லயத்தோடு அம்மாவும் மண்ணுக்குள் போய்விட்டார்.

பாதை திறந்ததும் நான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன்; மீன்காரரும் தன் இரண்டு பிள்ளைகளோடு அங்கே வந்தார். கரையில் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அக்கா ஏன் இஞ்ச வராம லயத்துலயே நிண்டாங்க?"

பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

"காய்ச்சலுங்க. நடக்க முடியல" என்றேன்.

அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.