தட்டைவால் ஓணானுக்கு வழித்துணை

2007, மே மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை. அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் கராஜ் வரிசை முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. புதுக்கோட்டைக்கார வெல்டர் முருகேசன், ரூம் வாசலில் ஒரு பிஸ்கட் டின்னோடு எனக்காகக் காத்திருந்தார். ரிப்பேருக்கு வந்த ஆட்டு லாரியின் வைக்கோலில் மூன்று நாள் முன்பு அகப்பட்ட ஓணான் அதற்குள் இருந்தது.

மூடியைத் திறந்து காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, மணல் நிறம். வால்தான் விசித்திரம்: முறுக்குச் சட்டியிலிருந்து எடுத்த தட்டையைப் பின்னால் ஒட்டிவிட்டாற்போல வட்டம், சுற்றிலும் முள், நுனியில் ஒரு சின்ன ஊசி. அவர் முன்பே சொன்ன அடையாளத்தை வைத்து இன்டர்நெட் சென்டரில் தேடி வைத்திருந்தேன். சோமாலியாப் பக்கத்து உயிர்; அங்கிருந்து வரும் ஆடுகளோடு கப்பலேறியிருக்க வேண்டும். பொந்துக்குள் புகுந்ததும் அந்த வாலாலேயே வாசலை அடைத்துக்கொள்ளுமாம். கதவைச் சுமந்துகொண்டே திரியும் பிறவி!

பிடித்த நாளிலிருந்து அது எதையும் தின்னவில்லை. செத்துவிடுமோ என்பதுதான் முருகேசனின் கவலை. துபாய் கிரீக் என்ற கடற்கழியிலிருந்து சோமாலியக் கரையிலுள்ள பெர்பெராவுக்குப் போகும் மரக்கப்பல் ஒன்று அன்று மாலை நாலு மணிக்குக் கிளம்புவதாகவும், அதில் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிடலாமென்றும் விசாரித்துச் சொல்லியிருந்தேன்.

"ஒனக்கே மூணு வருசமா லீவு இல்ல. இதுக்கு டிக்கெட் போடுறியாக்கும்?" என்றார் முருகேசனிடம் ரூம்காரர் ஒருவர்.

பதினொன்றுக்கு அபுதாபியில் பஸ் ஏறினோம். துபாய்க்கு நூற்றைம்பது கிலோமீட்டர், ஆளுக்குப் பதினைந்து திர்ஹம். ரூமிலும் ராத்திரி பகலாக ஏசியை ஓணான் பக்கம்தான் முருகேசன் திருப்பி வைத்திருந்தாராம். பஸ்ஸிலும் மடியிலிருந்த டின்னைக் குளிர்காற்றுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். துபாய்க்கு முன்னால் ஜெபல் அலி தாண்டித் திறந்து பார்த்தால், ஓணான் விறைத்துக் கிடந்தது. விரலால் தொட்டார். அசைவில்லை.

"போயிருச்சுண்ணே."

துபாயின் தேராவில் இறங்கி, டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு கிரீக் பக்கம் நடந்தார்.

மதியம் ஒன்றேகால். கிரீக் கரையில் புதைக்கலாமென்றால் மண்ணே இல்லை, எங்கும் கான்கிரீட். கப்பலுக்கு ஏற்றக் கிடந்த ஒரு சரக்கு மூட்டையின் நிழலோரம், சுடும் தரையில் அதைக் கிடத்திவிட்டு இடம் தேடினோம். திரும்பி வந்தபோது ஒரு கண் திறந்திருந்தது. விலா ஏறி இறங்கியது. சற்று நேரத்தில் நாலு காலில் எழுந்து, மூட்டையடியில் ஊர்ந்த எறும்பை நக்கி எடுத்தது.

முருகேசன் குந்தி உட்கார்ந்துவிட்டார். "நமக்கு சொகமுன்னா அதுக்கும் சொகமுன்னு நெனச்சேண்ணே. குளுர வச்சே கொல்லப் பாத்திருக்கேன்."

பெர்பெரா கப்பலிலிருந்து இறங்கிவந்த சோமாலிய மாலுமிக்கு அதை அடையாளம் தெரிந்தது. அவன் ஊரைச் சுற்றிய கல்மேடெல்லாம் இவைதானாம். கொண்டுபோய் விடச் சம்மதித்து, டின் ஆகாதென்று வலை கட்டிய பழப்பெட்டிக்கு மாற்றினான்.

"பாய், ஏசி மாஃபி" என்றார் முருகேசன், ஏசி கூடாதென்று தனக்குத் தெரிந்த அரபியில், கெஞ்சும் குரலில்.

மாலுமி விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் கப்பலில் மின்விசிறிகூடக் கிடையாது.

நாலு மணிக்குக் கயிறு அவிழ்த்தார்கள். மேல்தட்டில் பாதி வெயில், பாதி நிழலில் பெட்டி இருந்தது. போய்ச்சேர எத்தனை நாளாகும் என்று முருகேசன் கேட்டார். எட்டோ பத்தோ என்றேன்.

"அதுவரைக்கும் வெயில் நல்லாக் காயணும்ணே."

மே மாதத்து வளைகுடாவில், ஒரு வெல்டர் வெயிலை வேண்டி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.