இந்த நாட்டு ஆள்

இலங்கை குடியரசான அதே வருஷம் தலவாக்கலையில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் பவளம். இந்திய வம்சாவளி என்று சொல்லி அந்தக் குடியரசு அவளையும் அவளுடைய அப்பா காத்தமுத்துவையும் பிரசைகளாக ஏற்கவில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வன்னியில் உள்ள ஸ்கந்தபுரத்துக்கு ஓடி வந்தார்கள். தான் காடு வெட்டித் திருத்திய காணிக்கு அப்பா பத்திரம் கேட்டபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய விநாசித்தம்பி அதிகாரிக்கு முன்னால் எழும்பி நின்று சொன்னார்:

“உவங்கள் தோட்டக்காட்டார். இந்த நாட்டு ஆக்கள் இல்லை.”

காணி விநாசித்தம்பிக்கே போனது. அப்பா சாகும்வரை அதே மண்ணில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தார்.

பக்கத்தில் நின்று கேட்ட பத்து வயதுப் பவளம் அந்த வசனத்தை நாற்பது வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் அடைகாத்தாள். இடையில் பிரசாவுரிமை கிடைத்தது. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவியும் ஆனாள்.

போன மாதம் விநாசித்தம்பி கனடாவிலிருந்து வந்து அவள் முன்னால் கதிரையில் உட்கார்ந்தார். காணிப் பத்திரத்தைப் புதுப்பிக்க, அவர் இந்த நாட்டு ஆள் என்று சங்கத்தின் கடிதம் வேண்டுமாம்.

“பாஸ்போட்டைத் தாங்கோ,” என்றாள்.

கனடாப் பாஸ்போட். அதை எடுத்த அன்றே இலங்கைப் பிரசாவுரிமை போய்விட்டது. திரும்ப எடுக்க அவர் மினக்கெடவில்லை.

பவளம் ஆற அமர எழுதி, சீல் குத்தி, அவரையே வாசிக்கச் சொன்னாள். ‘இவர் இந்த நாட்டு ஆள் இல்லை’ என்றிருந்தது.

“பிள்ளை, நான் இஞ்ச பிறந்தனான்!” என்று கத்தினார் கிழவர்.

ஊரோடு ஊராய் வன்னித் தமிழே பேசிப் பழகியவளின் வாயில் அன்று அப்பாவின் பேச்சு வந்தது.

“எங்கப்பாவுந்தான் இங்க பொறந்தாரு.”