தங்கராஜிடம் நான் கேட்காத கேள்வி

ஒரு திங்கட்கிழமை, குன்னத்துகால் ஆட்டோக்காரர் தங்கராஜின் மனைவி லில்லி எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் வந்து நின்று அழுதார்.

“சிஸ்டரே, அடுத்த மாசம் மோளுக்க கல்யாணமாக்கும். அவரு சர்ச்சுக்கு வரமாட்டாராம். மாமன் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவட்டுமாம்.”

தங்கராஜுக்குப் பெருங்குடல் புண் நோய். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன் பெருங்குடலை முழுக்க எடுத்து, மலம் தேங்குவதற்குச் சிறுகுடலின் முனையை மடித்து உள்ளேயே ஒரு பௌச் தைத்தார்கள். அது ஆறும்வரை மலம் இறங்க வயிற்றுக்கு வெளியே பை கட்டியிருந்தார். அந்தப் பையைப் பார்த்துக்கொண்ட ஸ்டோமா நர்ஸ் நான்.

அதன் பிறகு ஒவ்வொரு செக்கப்பிலும் “எப்படி இருக்கு?” என்பேன். “கொழப்பமொண்ணும் இல்ல சிஸ்டரே” என்பார். எங்கள் பக்கத்தில் கால் ஒடிந்து கிடப்பவரும் அதைத்தான் சொல்வார். அது தெரிந்தும் ஃபைலில் ‘நலம்’ என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். மடச்சி நான்.

“ஆட்டோ ஓட்டுத நாளில ஒண்ணும் திங்கமாட்டாரு. தின்னா பாத்ரூம் போவணுமேண்ணு பயம். ஒரு விசேஷத்துக்கும் போறதில்ல” என்றார் லில்லி.

மறுநாள் ஆளை வரவழைத்தேன்.

“கடைசியா எந்தக் கல்யாணத்தில சாப்பிட்டீரு?”

தங்கராஜ் தலை குனிந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ போறீரு?”

“பதினஞ்சு உண்டு.”

“பட்டினி கெடந்தா தண்ணியாட்டுப் போவும், காத்தும் பெருவும். இத நேரத்தே சொன்னா என்ன?”

“ஒரு பெண்ணாளுகிட்ட இதெல்லாம் எப்பிடி சொல்லதாக்கும்?”

“உமக்க பைய மூணு மாசம் கழுவினது ஆராக்கும்?”

எட்டு வருடத்தில் அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

டாக்டர் ஸ்கோப் போட்டுப் பார்த்தார். பௌச் அழற்சி கண்டு சிவந்து கிடந்தது. இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக், சாப்பாட்டுக்கு முன் போக்கைக் கட்டும் மாத்திரை, கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் கொஞ்சம் கொஞ்சமாக. பதினைந்து ஏழானது. பௌச் வைத்தவருக்கு ஏழு சாதாரணம்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன்; தங்கராஜே மகளைக் கைபிடித்து அழைத்து வந்தார். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து பக்கக் கதவு வழியாகப் போய்விட்டு வந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தியில் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, “சோறு கொஞ்சம் கூட விளம்பு மக்கா” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஓய்வு பெறும்வரை அப்புறம் யாரிடமும் “எப்படி இருக்கு?” என்று நான் கேட்கவில்லை. எங்கே போனீர்கள், யார் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டேன். புதிதாக வேலைக்கு வரும் நீங்களும் அப்படிக் கேளுங்கள். நோயாளி தலை குனிந்தால் ஃபைலை மூடிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.