ஹாக்கி மேனேஜருக்குப் போட்ட சால்வை

பல் வைத்தியர் என் வாய்க்குள் இரண்டு விரலும் ஒரு கண்ணாடியும் விட்டுக்கொண்டு, "உங்கள் மேனேஜரை எப்போது தூக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அந்த நிலைமையில் யாரும் சொல்லக்கூடியதைத்தான் நானும் சொன்னேன்: "ஆ." அவர் அதை ரகசியத் தகவலாக எடுத்துக்கொண்டு நர்ஸைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் குடியேறியிருக்கும் இந்தக் கனடா நகரத்தில் அப்போது வெயில் மழை விசாரிப்பதுபோல இதைத்தான் விசாரித்தார்கள். ஊரின் ஐஸ் ஹாக்கி அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அந்த அணியின் ஆபீசில் சீசன் டிக்கெட் விற்பவன் நான். ஓசூர் பக்கம் பேரிகையில் என் அம்மா இதை ரயில்வே உத்தியோகம் என்று சொல்லி வைத்திருக்கிறாள், நானும் திருத்தவில்லை.

என்னை வேலைக்கு எடுத்தவரே அந்த மேனேஜர் வால்டர்தான். சின்ன அணி, எல்லா நேர்காணலிலும் அவரே உட்காருவார். பள்ளியில் ஹாக்கி ஆடியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஸ்கேட்டிங் எப்படி என்றார். எங்கள் ஊரில் ஐஸ் கரும்புச்சாறு வண்டியில்தான் இருக்கும், நாங்கள் புழுதியில் ஆடுவோம் என்றேன். எந்த இடத்தில் ஆடினாய் என்றார். "வெளியே" என்றேன். நான் சொன்னது, கோட்டுக்கு வெளியே மாற்று ஆளாக நின்றதை. அவர் திறந்தவெளி மைதானம் என்று எண்ணித் தலையாட்டினார். வேலை கிடைத்தது.

டீம் தோற்றால் ஆடுகிறவனை விட்டுவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருப்பவரை ஏன் மாற்ற வேண்டும்? பக்கத்து மேசை லிண்டா விளக்கினாள். ஆட்டக்காரர்களுக்குப் பல வருட ஒப்பந்தம். சிலரை அவர்கள் சம்மதிக்காமல் வேறு அணிக்கு அனுப்பவும் முடியாது. மொத்தச் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருப்பதால் புது ஆளை வாங்க இடமில்லை. பயிற்சியாளரை ஏற்கெனவே மாற்றியாயிற்று. முதலாளி தன்னைத்தானே நீக்கிக்கொள்ள மாட்டார். மிச்சம் இருப்பது, இவர்களையெல்லாம் தேர்ந்தெடுத்தவர். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் ஓசூரில் வண்டி பார்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். அங்கே ரிஜெக்‌ஷன் (பழுதென்று கழிக்கும் பார்ட்ஸ்) கூடினால் மெஷினை மாற்றப் பணம் இருக்காது, ஆட்களைத் தொட்டால் யூனியன் விடாது. பிளான்ட் ஹெட் மாறுவார். புதியவர் தரையின் மஞ்சள் கோடுகளுக்குப் பெயின்ட் அடிப்பார், டீ நேரத்தைத் தள்ளிவைப்பார். மெஷின் அதே மெஷின். ஆனாலும் பழைய தோல்வி பழையவரோடு போய்விட்டது என்று கொஞ்ச நாளைக்கு எல்லோரும் நிமிர்ந்து நிற்போம். அந்த நிம்மதியைத்தான் இங்கே நான் டிக்கெட்டாக விற்க வேண்டும். "வால்டர் போகட்டும், புதுப்பிக்கிறேன்" என்று போனில் சொல்லாத வாடிக்கையாளர் இல்லை.

ஒரு திங்கட்கிழமை வால்டரை நீக்கினார்கள். அன்றே புதிய மேனேஜர் மாடியில் வந்து உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்கள் பழையவர் எடுத்த ஆட்களைக் கழித்துக்கட்டுவார்கள், அதனால் வால்டர் பக்கமே போகாதே என்றாள் லிண்டா. என்னுடையது ஒப்பந்த வேலை. விசாவும் அதில்தான் தொங்குகிறது. ஆனால் ஓசூரில் யார் போனாலும், திட்டிக்கொண்டே அனுப்பினாலும், ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ, "ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" எல்லாம் உண்டு. நான் கனடாவுக்குக் கிளம்பியபோது எனக்குப் போர்த்திய ரோஸ் நிறச் சால்வையைத் தேடி எடுத்தேன். என் மனைவி சுமதி கிருஷ்ணகிரிக்காரி, நறுக்கென்று கேட்டாள்: "நீங்க அவருக்குப் போடுங்க. நாளைக்கு உங்களுக்குப் போட யாரு வருவாங்க?"

மறுநாள் மத்தியானம் பின்வாசலில் வால்டர் அட்டைப்பெட்டியோடு வந்தார், பக்கத்தில் செக்யூரிட்டி. நான் சால்வையை விரித்ததும், "நன்றி, காரில் கோட் இருக்கிறது" என்றார். வேலையை விட்டுப் போகிறவரை நாங்கள் இப்படித்தான் அனுப்புவோம் என்றேன். "நான் விட்டுப் போகவில்லை, விரட்டினார்கள்" என்றார். அதற்கும் இதேதான் என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தோளைக் குனிந்து கொடுத்தார். லிண்டா இறங்கி வந்தாள், அவள் பின்னால் டிக்கெட் பிரிவு முழுவதும். செக்யூரிட்டியே போட்டோ எடுத்தார். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னேன். வால்டர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்தக் கோல்கீப்பரை மட்டும் விற்றுவிடாதீர்கள்" என்றார். கைதட்டினோம். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் புதிய மேனேஜர் நின்றிருந்தார்.

சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். கேட்டால் உடனே கொடுக்க வசதியாக அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே போனேன். கீழே வால்டர் என்ன சொன்னார் என்றார். சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் போகும்போதும் அந்தத் துணி உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். இதைவிட உறுதியான பணிப் பாதுகாப்பு இந்த நாட்டில் எவனுக்கும் கிடைத்திருக்காது. கோல்கீப்பரை அந்த மாதமே விற்றுவிட்டார்.

நம் வழக்கத்தைக் கனடாவில் நட்டுவிட்ட மிதப்பில் போட்டோவை ஓசூர் கம்பெனியின் வாட்ஸப் குழுவில் போட்டேன். என்னோடு ஒரே ஷிப்டில் இருந்த மஞ்சுநாத் கூப்பிட்டான். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ் பேசுகிறவன், அவனுக்கு எல்லோரும் 'குரு'தான்.

"ஏன் குரு, எந்தக் காலத்துல இருக்கிற? நம்ம பிளான்ட் ஹெட்டைப் போன மாசம் தூக்கிட்டாங்க. லேப்டாப்பை வாங்கினு கேட் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க, அவ்ளோதான். சால்வையெல்லாம் இப்ப இங்க யாரு போடறாங்க? உன் போட்டோ பாத்து எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. லீவுக்கு வரப்ப அங்கருந்து ஒண்ணு எடுத்துனு வா. அவரு வூட்டுக்கே போய்ப் போட்டுடலாம்."

ஓசூருக்குக் கனடாவிலிருந்து சால்வை! எங்கே தேடியும் கிடைக்காமல், எங்கள் அணியின் கடையிலேயே ஒரு கம்பளிக் கழுத்துத் துண்டு வாங்கினேன். மே மாத வெயிலில், பாகலூர் ரோட்டில் இருக்கும் அவர் வீட்டு வாசலில், அதைப் பிளான்ட் ஹெட்டுக்குப் போட்டோம். அவர் வியர்த்து வழிந்தபடி துண்டில் இருந்த எங்கள் அணிச் சின்னமான துருவக்கரடியைத் தடவிப் பார்த்தார், கழற்றவில்லை. மஞ்சுநாத் போனைத் தூக்கிப் பிடித்து எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னான்.

"நீ எந்தப் பக்கம் குரு? அனுப்பறவங்க பக்கமா, போறவங்க பக்கமா?"

எனக்கு மறுநாள் விமானம். துண்டின் ஒரு முனை என் தோளிலும் விழும்படி அவரை ஒட்டிப் போய் நின்றேன்.