ரோசம்மை சித்தி வைத்த கறி

பெட்டியடியில் இன்று பழைய லேஸ் துண்டு ஒன்று கையில் பட்டதும், தக்கலையில் இப்போது சுவர்கூட மிஞ்சாத எங்கள் ஓலைவீட்டின் அடுக்களைப் புகை மூக்கில் ஏறியது. லேஸ் பின்னுவதிலும் மீன்கறி வைப்பதிலும் அம்மையை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. ஒருநாள் பள்ளிவிட்டு வந்தால், எங்கள் அடுப்பில் பக்கத்துவீட்டு ரோசம்மை சித்தி சாளைமீன் கறி கூட்டிக்கொண்டிருந்தாள். திடுக்கிட்டுப் போனேன்.

"ஒனக்கு சொகமில்லியாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன் மக்கா. நான் அடுப்புல நிக்கிய நேரம் லேஸு நின்னு போவுது. ரோசம்மைக்கு லேஸு வராது, கறி ஒருமாதிரி வரும். ரெண்டு வீட்டுக்கும் அவ பொங்கட்டும், ரெண்டு வீட்டுக்குமா நான் பின்னுதேன்."

புளி தூக்கலான அந்தக் கறியை அழுதுகொண்டே தின்றேன். லேஸ் விற்றுத்தான் நானும் சித்தியின் மகளும் டீச்சரானோம். அம்மை மறுபடி கறி வைக்கவேயில்லை. அவள் கைருசியை நினைத்துப் பார்க்கிறேன். நாக்கில் ஒன்றுமே வரவில்லை.